சிங்கப்பூருக்குக் கிளம்பும் முன் ஒரு நோட்டில் போட வேண்டிய கணக்கு

தம்பி, முகவர் உங்கள் கையில் கொடுத்த தாளில் சம்பளம் வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், எழுதியிருக்கும். அதை ரூபாயால் பெருக்கிப் பார்த்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருப்பீர்கள். நானும் 2008இல் அறந்தாங்கி பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து அப்படித்தான் பெருக்கினேன். அந்தப் பெருக்கலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன் அதில் போட வேண்டிய இரண்டு கணக்குகள் இருக்கின்றன. கம்பி கட்டும் வேலையில் தொடங்கி, இன்று மேற்பார்வையாளராகப் பதினேழு ஆண்டுகளை இங்கே கட்டுமானத் துறையில் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நோட்டைத் திறந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு வரும் அல்லவா? இடப்பக்கத்தின் தலையில் ‘கட்டு நாள்’ என்று எழுதுங்கள். கடன் முழுதும் அடையும்வரை எத்தனை நாள் இந்த வேலையை விட முடியாமல் கட்டுண்டு கிடப்பீர்கள் என்பது அந்தப் பக்கம். வலப்பக்கத்தில் ‘நிற்கும் நாள்’. இன்றே வேலை நின்றுபோனால் எத்தனை நாள் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்பது இந்தப் பக்கம். சம்பளம் எவ்வளவு என்பதைவிட இந்த இரண்டு எண்களும்தான் நீங்கள் இங்கே எப்படி வாழப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யும்.

என் கணக்கை முதலில் காட்டுகிறேன். 2,40,000 ரூபாய் கொடுத்து வந்தேன். நிலப் பத்திரத்தை வைத்து மூன்று வட்டிக்கு வாங்கிய பணம். அன்றைக்கு வெள்ளிக்கு ஏறத்தாழ 30 ரூபாய், ஆகவே கடன் 8,000 வெள்ளி. அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி. கடனைச் சம்பளத்தால் வகுத்தால் 444 நாள். வட்டி மட்டும் மாதம் 7,200 ரூபாய், அதாவது 240 வெள்ளி. 240ஐ 18ஆல் வகுத்துப் பாருங்கள். மாதத்தில் பதின்மூன்று நாள் நான் வட்டிக்காகவே வெயிலில் நின்றிருக்கிறேன். இந்தக் கணக்கை வந்து எட்டு மாதம் கழித்து, காக்கி புக்கிட் விடுதியில் கட்டிலில் படுத்தபடி போட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஊரிலேயே போட்டிருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். வந்திருப்பேன். ஆனால் அந்த முகவரிடம் அந்தத் தொகைக்கு வந்திருக்க மாட்டேன்.

அந்த எட்டாம் மாதத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் இந்த நோட்டு எதற்கு என்று புரியும். பொங்கோலில் அடுக்குமாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வாரத்தில் பதினொரு மணி நேரம் மிகைநேரம் (ஓவர்டைம்) செய்திருந்தால் ஏட்டில் ஏழு மணி நேரம் என்று இருக்கும். எழுதப்படாத தாளில் கையெழுத்து வாங்குவார்கள். என் பக்கத்துக் கட்டிலில் மன்னார்குடிக்காரர் ஒருவர். எனக்கு இருந்த அதே வேலை, அதே சம்பளம். ஒரு மாதக் கடைசியில் அவர் கையெழுத்துப் போட மறுத்தார். “பிடிக்கவில்லையென்றால் ஊருக்குப் போ” என்றார் மேலாள். “போகிறேன், என் பாக்கியைக் கொடுங்கள்” என்றார் அவர். மனிதவள அமைச்சுக்குப் போனார், குறைத்து எழுதிய மணி நேரங்களுக்கு உரிய பணத்தை வாங்கினார், ஊர் திரும்பினார். அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வீரர், நான் கோழை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் பயணச் செலவை அண்ணன் கொடுத்திருந்தார். ஒரு ரூபாய் கடன் இல்லை. ‘ஊருக்குப் போ’ என்ற சொல்லின் விலை அவருக்கு ஒரு விமான டிக்கெட். எனக்கு அது அம்மாவின் மூன்று மா நிலம். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அதைப் பயன்படுத்தும் வசதி அவரிடம் மட்டும் இருந்தது.

இதை எனக்கு முன்பே பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். ஆடம் ஸ்மித் 1776இல் வெளிவந்த தம் நூலில், கூலித் தகராறில் முதலாளி ஏன் எப்போதும் வெல்கிறார் என்று கேட்டு விடை சொல்கிறார். ஆள் ஒருவரையும் வைத்துக்கொள்ளாமலே முதலாளி ஓராண்டு, ஈராண்டு கையிருப்பில் வாழலாம். வேலையில்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்காத தொழிலாளிகள் பலர், ஒரு மாதம் தாங்குபவர் சிலர், ஓராண்டு தாங்குபவர் அரிது. அவர் எண்ணியதும் நாட்களைத்தான். அந்தப் பக்கத்தைப் படித்த அன்றுதான் என் நோட்டில் வலப்பக்கத்துக்கு ‘நிற்கும் நாள்’ என்று பெயர் வைத்தேன். கார்ல் மார்க்ஸ் இன்னொரு கோணத்தில் சொல்கிறார். தொழிலாளி இரண்டு வகையில் விடுபட்டவன். யாருக்கும் அடிமையில்லை, தன் உழைப்பைத் தானே விற்கலாம். பிழைப்பதற்கு நிலமோ கருவியோ சொந்தமாக இல்லாததால் அதிலிருந்தும் ‘விடுபட்டிருக்கிறான்’. “உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, நீயே கையெழுத்துப் போட்டாயே” என்று சொல்பவர்கள் முதல் பாதியை மட்டும் பார்க்கிறார்கள். என் கையெழுத்து என்னுடையதுதான். பேனாவை என் கையில் கொடுத்தது மூன்று வட்டி.

நம் பக்கத்து ஊர்களுக்கு இது புதிதும் அல்ல. மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக ஆள் அனுப்புவது 1910இல் ஒழிந்தது. அதோடு சேர்ந்து வளர்ந்த கங்காணி முறை இன்னும் பல ஆண்டுகள் நீடித்தது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார், முன்பணம் கொடுப்பார், அந்த முன்பணமே தோட்டத்தில் ஆளைக் கட்டிப்போடும். 1938இல் இந்திய அரசு அந்த வழியில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அன்று ஆளைக் கூட்டிப் போகிறவர் முன்பணம் கொடுத்தார். இன்று போகிறவனே வட்டிக்கு வாங்கி, கூட்டிப் போகிறவருக்குக் கொடுக்கிறான். பணம் போகும் திசை மாறிவிட்டது, கட்டு மாறவில்லை.

இனி இடப்பக்கக் கணக்கு. என் அக்கா மகன் சென்ற மாதம் அனுப்பிய எண்களையே வைத்துச் செய்து காட்டுகிறேன். அவனிடம் ஒருவர் கேட்டது 3,50,000 ரூபாய். இரண்டு வட்டிக்குக் கிடைக்குமாம். அடிப்படைச் சம்பளம் மாதம் 700 வெள்ளி.

அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதுங்கள். மிகைநேரத்தைச் சேர்க்காதீர்கள். முகவர் சொல்லும் பெரிய தொகையில் பாதி மிகைநேரமாக இருக்கும், அது உங்கள் கையில் இல்லாத ஒன்று. 2020 ஏப்ரலில் கொவிட் பரவி விடுதிகள் மூடப்பட்டபோது எங்கள் அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். அந்த மாதங்களில் அடிப்படைச் சம்பளம் வந்தது, மிகைநேரம் ஒரு மணிகூட இல்லை. மிகைநேரத்தை நம்பித் தவணை வைத்திருந்த நான்கு பேர் இரவில் போனில் பேசிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

700இல் சாப்பாடு, போன், சோப்பு, சில்லறைச் செலவு என்று 240 கழியுங்கள். மீதி 460. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 29,900 ரூபாய். வீட்டுக்கு மாதம் 12,000 வேண்டும் என்று அக்கா சொல்கிறது. கடனுக்குப் போகக்கூடியது 17,900. இப்போது மாதத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். முதல் மாதம்: கடன் 3,50,000, வட்டி 7,000, கட்டியது 17,900, மீதி 3,39,100. இரண்டாம் மாதம்: வட்டி 6,782, கட்டியது 17,900, மீதி 3,27,982. இப்படியே கீழே போங்கள். சுருக்கு வழி வேண்டாம், ஒவ்வொரு வரியையும் கையால் எழுதுங்கள். எழுதும்போதுதான் மனதில் பதியும். இருபத்தைந்தாம் மாதக் கடைசியிலும் ஏறத்தாழ 870 ரூபாய் மீதி நிற்கும், அதாவது கடன் அடைய 25 மாதத்துக்குச் சற்று மேல் ஆகிறது.

வேலை அனுமதிச் சீட்டு பொதுவாக இரண்டு வருடத்துக்கு வரும்.

இதே பையன் 90,000 ரூபாய்க்குள் வர முடிந்தால் அதே தவணையில் கடன் ஆறாம் மாதத்தில் முடிந்துவிடும். அதனால்தான் சம்பளத்தில் ஐம்பது வெள்ளி கூடுதலா குறைவா என்று அலைவதைவிட, கொடுக்கும் தொகையைக் குறைப்பதற்கு அலையுங்கள் என்கிறேன். இந்தியாவில் அரசிடம் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் என்று வரம்பு இருக்கிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் நிறுவனம், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் உங்களிடம் வாங்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளியே உங்களிடம் பணம் வாங்குவது இங்கே குற்றம். ஆகவே 3,50,000 என்று யாராவது சொன்னால், அதைக் கூறு போட்டுக் கேளுங்கள்: எது முகவர் கட்டணம், எது டிக்கெட், எது திறன் தேர்வு, எது மருத்துவப் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும் தொகை எது என்று நோட்டில் வட்டமிடுங்கள்.

அடுத்து ஐபிஏ (IPA) கடிதம், அதாவது உங்கள் வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு தரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். கிளம்புவதற்கு முன்பே அது உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த மொழியிலும் அதன் நகல் இருக்கும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். முகவர் வாயால் சொன்ன எண்ணும் கடிதத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். போகாவிட்டால் கடிதத்தில் உள்ளதை வைத்தே கணக்கை மறுபடி போடுங்கள். அதைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள், உங்கள் போன் தொலையலாம்.

முதலாளி உங்கள் பெயரில் அரசுக்கு 5,000 வெள்ளி பிணை தருகிறார், வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்கான தீர்வையும் (லெவி) மாதந்தோறும் கட்டுகிறார். இரண்டையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உங்கள் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை.

வந்து சேர்ந்த பிறகு, நோட்டில் தினம் ஒரு வரி: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்த சைட். லாரியில் திரும்பும்போது எழுதிவிடலாம். மிகைநேரக் கூலியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி 2,288ஆல் வகுங்கள். 52 வாரத்தை 44 மணி நேரத்தால் பெருக்கினால் வருவது அந்த 2,288. 700 வெள்ளிக்கு மணிக்கு 3 வெள்ளி 67 காசு வரும். மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 5 வெள்ளி 50 காசு. இதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. நான் வந்த காலத்தில் அது இல்லை. அந்த ஒரு துண்டுச் சீட்டு எங்களிடம் இருந்திருந்தால் பொங்கோலில் பதினொன்று ஏழாகியிருக்காது என்று இப்போதும் நம்புகிறேன்.

சம்பளம் குறைந்தால், 2017இல் வந்த ‘டாடம்’ (TADM) என்ற முத்தரப்பு அமைப்பிடம் போகலாம்; அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்க்க வைத்த இடம் அது. சமரசம் ஆகாவிட்டால் அங்கிருந்து தீர்ப்பாயத்துக்குப் போகும். வேலையில் இருக்கும்போது என்றால் ஓராண்டுக்குள், வேலை முடிந்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தனியாகப் போகத் தயங்கினால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ தொண்டு அமைப்புகளையோ அணுகுங்கள், தமிழில் பேச ஆள் இருப்பார்கள். கட்டுமானத் தொழிலாளிக்கு இன்னொரு வாசலும் உண்டு. அனுமதிச் சீட்டு முடிவதற்கு 40ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை, இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு முதலாளிக்கு மாறலாம். உங்கள் சீட்டின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த இருபது நாட்களையும் நோட்டின் அட்டையில் சிவப்பு மையால் எழுதுங்கள். அந்த நேரத்தில் கட்டு நாள் மீதமில்லாமல் இருந்தால் நல்ல இடம் வரும்வரை பொறுத்துத் தேர்ந்தெடுக்கலாம். கடன் மீதமிருந்தால் முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வீர்கள். 25 மாதக் கணக்கு என் அக்கா மகனை அந்த வாசல் அருகே கடனோடு கொண்டுபோய் நிறுத்தும் என்பதுதான் என் கவலை.

வலப்பக்கக் கணக்கு சின்னது, ஆனால் கடைப்பிடிப்பது கடினம். கையிருப்பிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட் செலவைக் கழியுங்கள். மீதியை வீட்டின் ஒரு நாள் செலவால் வகுங்கள். இன்று என்னிடம் 1,80,000 ரூபாய் இருக்கிறது. டிக்கெட்டுக்கு 20,000 போனால் 1,60,000. வீட்டுச் செலவு நாளுக்கு 800. என் நிற்கும் நாள் 200. கடன் இருக்கும் காலத்தில் நாள் வட்டியையும் அந்த 800ஓடு சேர்க்க வேண்டும்.

முதல் மாதத்திலிருந்தே இந்தப் பக்கத்துக்கு ஏதாவது ஒதுக்குங்கள், இருபது வெள்ளியானாலும் சரி. கடன் இருக்கும்போது சேமிப்பது வட்டிக் கணக்கில் நட்டம் என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். எண்ணாகப் பார்த்தால் அது சரிதான். ஆனால் சுத்தமாகக் கையில் ஒன்றுமில்லாதவன் முதல் மிரட்டலுக்கே பணிந்துவிடுவான். அந்த இருபது வெள்ளிக்கு வட்டியாகப் போகும் சில்லறையை நான் மனமுவந்து கொடுப்பேன்.

2016இல் எனக்கு 90 நாள் இருந்தது. ஒன்பதாவது மாடியின் விளிம்பில், பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்ட இடமே இல்லாத சாரத்தில் ஏறச் சொன்னார்கள். முடியாது, முதலில் மாட்ட இடம் செய்யுங்கள் என்றேன். என் குரல் நடுங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கம்பி கட்டிக் கொடுத்தார்கள். எட்டாவது மாதத்தில் அதே சாரத்தைக் காட்டியிருந்தால் ஏறியிருப்பேன் தம்பி. அது எனக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தை அதிகம் அரித்துத் தின்பது முதலாளியும் இல்லை, முகவரும் இல்லை. வீடுதான். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன். முதல் கடன் முடிகிற மாதம் ஊரில் தெரிந்துவிடும். உடனே மாடி எடுக்கலாம் என்பார்கள், தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து பவுன் என்பார்கள். சிங்கப்பூரில் இருக்கிறவன் என்ற பேச்சுக்காகவே புதிய வட்டி தொடங்கும். என்னோடு வந்தவர்களில் மூன்று பேர் இரண்டாவது கடனில் விழுந்தார்கள், ஒருவர் இன்னும் அதிலேதான் இருக்கிறார். அவர் வீடு எங்கள் பக்கத்திலேயே அழகான வீடு. வருடத்தில் இருபது நாள் அதில் தூங்குகிறார். ஆசைப்படுவது தவறென்று சொல்லவில்லை. தங்கச்சிக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது? அந்த முடிவை எடுக்கும் முன் நோட்டை வீட்டில் காட்டுங்கள் என்கிறேன். சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பிவிட்டு மனைவிக்குப் போன் செய்யும்போது, அனுப்பிய தொகையோடு கட்டு நாள் எத்தனை, நிற்கும் நாள் எத்தனை என்பதையும் சொல்வேன். இரண்டு வருடம் இப்படிச் சொன்ன பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள்: “இந்த மாதம் நிற்கிற நாள் எவ்வளவு?” எங்கள் வீட்டுக்கு மாடி கட்டுவதை நான்கு வருடம் தள்ளி வைத்தது அவள் முடிவு.

வட்டிக்குக் கொடுத்தவரிடம் மாதாமாதம் மீதித் தொகையை எழுதி வாங்கும்படி வீட்டில் சொல்லுங்கள். நோட்டில் உள்ள வரியும் அவருடைய சீட்டும் ஒத்துப்போக வேண்டும். என் கடனில் இரண்டு தவணை வரவு வைக்கப்படவே இல்லை, அதைக் கண்டுபிடித்தது நான்காம் வகுப்பு படித்த என் அம்மா.

அக்கா மகன் போன ஞாயிறு அழைத்தான். அவன் தன் கையாலேயே இருபத்தைந்து வரியும் எழுதி முடித்திருந்தான். “மாமா, சீட்டு இருபத்து நான்கு மாதத்துக்குத்தானே?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ரசீது தர முடியாது என்று சொல்லப்பட்ட தொகைகளை வாசித்தான். வட்டமிட்டவை மட்டும் 2,10,000 வந்தது. அந்த ஆளிடம் முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்று அக்காவிடமும் பேசிவிட்டேன். பதிவு பெற்ற வேறொரு முகவரைப் புதன்கிழமை திருச்சியில் பார்க்கப் போகிறான். அவர் சொல்லும் எண்களை எழுத ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.